டெக்சஸில் காட்டுப்பன்றிக்கு: 384 தெர்மலா, 640ஆ, டிஜிட்டல் நைட் விஷனா?

வைக்கோல்வயல்:
வணக்கம். பாஸ்ட்ராப் பக்கம் நண்பரின் 60 ஏக்கர் புல் வயல். பன்றிக்கூட்டம் ராத்திரி இறங்கிக் கிளறிப் போடுவதில் புல் கட்டும் பேலர் இயந்திரத்தை ஓட்ட முடியாத அளவுக்குக் குழி விழுகிறது. சுடுவதற்கு அனுமதி உண்டு. கையில் இருப்பது .308 போல்ட் ஆக்ஷன். சுடும் தூரம் 80 முதல் 200 யார்டு. ஒரு பக்கம் பக்கத்துப் பண்ணையின் மாடுகள் மேயும். பட்ஜெட் 2500 டாலர். சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் ஸ்கோப்பில் 640 சென்சாருக்காக (குறுக்கே 640 பிக்சல்) இன்னும் காசு சேர்ப்பதா, 384 போதுமா? டிஜிட்டல் நைட் விஷன் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அது தேறுமா? விளம்பரத்தில் போடும் "1800 யார்டு கண்டறியும் தூரம்" என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஜெர்மானியம்35:
முதலில் அந்த 1800 யார்டை மறந்துவிடுங்கள். அது ஆள் உயரத்தில் ஏதோ ஒன்று சூடாக நிற்கிறது என்று இரண்டு மூன்று பிக்சலில் தெரியும் தூரம். பன்றியா கன்றா என்று சொல்ல அது உதவாது. உருவத்தின் சிறிய அளவுக்குக் குறுக்கே ஆறேழு பிக்சலாவது விழுந்தால்தான் என்ன விலங்கு என்று வகை பிரிக்கலாம். நிச்சயமாகச் சொல்ல 12 பிக்சலுக்கு மேல் வேண்டும்.

இதற்கான கணக்கு எளிது. சென்சாரின் பிக்சல் அளவை (மைக்ரான்) லென்ஸின் குவியத்தூரத்தால் (மி.மீ.) வகுங்கள், ஒரு பிக்சல் அடைக்கும் கோணம் வரும். 12 மைக்ரான் சென்சார், 35 மி.மீ. லென்ஸ் என்றால் 0.34 மில்லிரேடியன். அதாவது 100 யார்டில் ஒரு பிக்சல் 1.2 அங்குலம், 200 யார்டில் சுமார் 2.5 அங்குலம். நான்கடி நீளம், இரண்டரை அடி உயரம் உள்ள பன்றி 200 யார்டில் 19க்கு 12 பிக்சலில் நிற்கும். உங்கள் எல்லைக்கு இது சரியாகப் போதும். 25 மி.மீ. லென்ஸில் அதே பன்றி உயரத்துக்கு எட்டு ஒன்பது பிக்சல்தான், அங்கே சந்தேகம் வந்துவிடும்.

இந்தக் கணக்கில் 384, 640 என்ற எண் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? அதே 12 மைக்ரான், அதே 35 மி.மீ. லென்ஸ் என்றால் 640 வாங்கினாலும் பன்றி மேல் விழும் பிக்சல் எண்ணிக்கை ஒன்றுதான். கூடுவது பார்வை அகலம்: 100 யார்டில் 384க்குச் சுமார் 40 அடி, 640க்கு 66 அடி. கூட்டம் சிதறி ஓடும்போது அந்த அகலம் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் தெளிவு வேண்டும் என்று 640க்குக் காசு கொடுப்பவர் உண்மையில் வாங்க வேண்டியது பெரிய லென்ஸ். டிஜிட்டல் ஜூமும் இருக்கிற பிக்சலை ஊதிக் காட்டுமே தவிர, புதிதாக ஒன்றும் தராது.

எவ்வளவு சிறிய சூட்டு வித்தியாசம் வரை தெரியும் என்ற உணர்திறனை மில்லிகெல்வினில் போடுவார்கள், எண் குறைந்தால் நல்லது. மழை விட்ட இரவிலும் பொழுது புலரும் நேரத்திலும் புல், மண், விலங்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்து படம் சாம்பலாகும். அப்போது 25க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும். ஒருவர் சென்சாரை மட்டும் அளந்து எண் போடுவார், இன்னொருவர் லென்ஸோடு சேர்த்து அளப்பார். அதனால் இரண்டு பிராண்டுகளை அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். நொடிக்கு ஒன்பதே படம் காட்டும் 9 ஹெர்ட்ஸ் ஸ்கோப்பை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். நடக்கும் பன்றியே தாவித் தாவிப் போவது போலத் தெரியும். 50 ஹெர்ட்ஸ் வேண்டும்.

இரவுக்காவல்:
ஜெர்மானியம் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 2500 முழுவதையும் ஸ்கோப்பில் போடாதீர்கள். ஐந்நூறு அறுநூறு டாலரில் 256 சென்சார் கைத்தெர்மல் ஒன்றை முதலில் வாங்குங்கள். தேடுவது அதில், சுடுவது மட்டும் ஸ்கோப்பில். ஸ்கோப்பில் தேடுவது என்றால் நிறைத்த துப்பாக்கியை மாட்டின் மேலும் வீட்டின் மேலும் மனிதர் மேலும் நீட்டிக்கொண்டே போவது. அதைச் செய்யவே கூடாது.

அடுத்தது மாடு. சூடானது வெள்ளையாகத் தெரியும் 'வெள்ளைச்சூடு' நிறத்தில் பன்றி நீள்உருண்டையாக, கால் குட்டையாக, தலை தரையோடு ஒட்டித் தெரியும். கன்றுக்கு வயிற்றுக்குக் கீழே வெளிச்சம் தெரியும் அளவுக்குக் கால் நீளம். மானுக்குக் கழுத்தும் காதும் தனியாக நிற்கும். சேற்றில் புரண்டு வந்த பன்றியின் முதுகும் தோளும் கறுத்துப் போய், கண், காது, அடிவயிறு மட்டும் பளிச்சென்று தெரியும். பாதி உடலைப் பார்த்துவிட்டு "சின்ன விலங்கு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பக்கவாட்டில் திரும்பி நாலடி நடக்கும் வரை பொறுங்கள். நடையே காட்டிக்கொடுத்துவிடும்.

தெர்மலில் தூரம் பிடிபடாது. 80 யார்டில் நிற்கும் குட்டியும் 200 யார்டில் நிற்கும் பெரியதும் ஒரே அளவில் தெரியும். லேசர் ரேஞ்ச் ஃபைண்டர் உள்ள மாடலை எடுங்கள், அல்லது வயலின் வேலிக் கம்பங்களைப் பகலிலேயே அளந்து குறித்து வையுங்கள். காற்றோடு ஒரே சூட்டில் இருக்கும் கம்பிவேலி தெர்மலில் தெரியாமலே போகலாம். குண்டு போய்ச் சேர மண்மேடு எங்கே இருக்கிறது என்பதையும் பகலில்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஐஆர்விளக்கு:
டிஜிட்டலை யாரும் சொல்லவில்லையே. தீவனப்பெட்டி வைத்து 100 யார்டுக்குள் காத்திருந்து சுடுவதென்றால் டிஜிட்டல் தாராளமாகப் போதும். மானின் கொம்பு, வேலிக்கம்பி, பன்றிக்குப் பின்னால் இருப்பது எல்லாம் தெரியும். கைத்தெர்மலில் கண்டுபிடித்து டிஜிட்டலில் சுடுவது இந்த பட்ஜெட்டுக்கு நல்ல ஜோடி.

குறை எல்லாம் அதற்குத் தேவையான அகச்சிவப்பு விளக்கில்தான். 850 நானோமீட்டர் விளக்கு தூரம் எட்டும், ஆனால் விளக்கின் முகத்தில் மங்கலாகச் சிவப்பு தெரியும். 940இல் சிவப்பு தெரியாது, எட்டும் தூரம் குறையும். உங்கள் வயலில் இடுப்பளவு புல் நின்றால் முதல் பத்தடிப் புல்லே விளக்கைத் திருப்பியடித்துத் திரை வெளுத்துப்போகும். மூடுபனியிலும் அதே கதிதான். விளக்கை ஸ்கோப்புக்கு மேலே உயர்த்தி மாட்டி, ஒளிக்கற்றையைக் குறுக்கினால் ஓரளவு சரியாகும். இருக்கும் வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் ஜென் 3 குழாய் இந்தப் பணத்துக்கு வராது.

வைக்கோல்வயல்:
மிக்க நன்றி. புல் உயரமாக நிற்கும் வயல் என்பதால் 35 மி.மீ. 384 தெர்மல் ஸ்கோப்பும் ஒரு கைத்தெர்மலும் என்று முடிவு. காகித இலக்கு தெர்மலில் தெரியாதே, ஜீரோ (குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது) எப்படிச் செய்வது? கூட வரும் நண்பர் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர், அவரும் சுடலாமா?

ஜெர்மானியம்35:
முதலில் கண்பக்க வளையத்தைத் திருப்பிக் குறுக்குக்கோட்டைக் கூர்மையாக்குங்கள். அதன் பிறகு முன் லென்ஸைத் திருப்பி இலக்கைக் கூர்மையாக்குங்கள். வரிசை மாறினால் படம் எப்போதும் கலங்கலாகவே இருக்கும், ஸ்கோப்பே பழுது என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு.

இலக்குக்கு அட்டையில் ஓரங்குலச் சதுரமாக அலுமினிய டேப் ஒட்டுங்கள். அட்டையின் மேல்பகுதியைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் டேப் குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்து நல்ல கறுப்பாகத் தெரியும். 25 யார்டில் ஒரு குண்டு போட்டு அட்டைக்குள் கொண்டுவந்து, பிறகு 100க்குப் போங்கள். மூன்று குண்டு போட்டு அவற்றின் நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, குறுக்குக்கோடு டேப்பில் இருக்கும்போது படத்தை உறையவிட்டு, குறியைக் குண்டு விழுந்த இடத்துக்கு நகர்த்திச் சேமியுங்கள். இந்த ஸ்கோப்பில் ஒரு நகர்வு ஒரு பிக்சல் என்றால் 100 யார்டில் 1.2 அங்குலம் தாவும். அரை அங்குலப் பிழையை விரட்டித் தோட்டாவை வீணாக்காதீர்கள். ஜூம் செய்துவிட்டு ஜீரோ செய்தால் சில மாடல்களில் நகர்வு நுணுக்கமாகும். படம் ஒரு நொடி நின்று 'டிக்' என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், ஷட்டர் மூடிச் சென்சாரைச் சமன் செய்கிறது. சுடுவதற்குச் சற்று முன் நீங்களே ஒருமுறை அழுத்திவிட்டால் நடுவில் குறுக்கிடாது.

இரவுக்காவல்:
2019 செப்டம்பர் முதல் டெக்சஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. ஆனால் உங்கள் நண்பர் விஷயம் வேறு. எச்-1பி போன்ற குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடுவதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று. பன்றிக்குத் தேவையில்லை என்று விட்டுவிடாமல் அவர் உரிமம் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வரட்டும். இரவில் இறங்கும் முன் அந்தப் பகுதி கேம் வார்டனுக்கு (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், வெடிச்சத்தம் கேட்டு யாராவது அழைத்தால் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

ஊருக்குப் போகும்போது ஸ்கோப்பைப் பெட்டியில் எடுத்துப் போகாதீர்கள். இந்தக் கருவிகள் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருபவை. சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோனாலும் அது ஏற்றுமதிதான்.