ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செயற்கை நுண்ணறிவு முதலில் வர வேண்டுமா?

வெண்ணாறு:

நம் டெல்டா மாவட்டங்களை மனத்தில் வைத்து ஒரு கருத்தை விவாதத்துக்கு முன்வைக்கிறேன். நாட்டின் பொது மருத்துவக் கட்டமைப்பில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவருவது என்று அரசு முடிவெடுத்தால், அது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்குப் போகும் முன்பாக, வேதாரண்யம், முத்துப்பேட்டை, கோட்டூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வர வேண்டும். பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொல்லக் கதிரியக்க மருத்துவர் இருக்கிறார். கிராமப்புறத்தில் படம் எடுக்க வழி பிறந்தாலும் அதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை.

காசநோயையே எடுத்துக்கொள்வோம். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மார்பு எக்ஸ்ரேயில் காசநோய்க்கான சந்தேகம் உண்டா என்று பார்க்கும் முதற்கட்ட வேலையை மனிதருக்குப் பதிலாக மென்பொருளே செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச் மாதமே பரிந்துரைத்துவிட்டது. 2024 டிசம்பரில் தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில், கையில் எடுத்துச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள் இத்தகைய மென்பொருளோடு ஊர்களுக்குள் போயின. சுவீடனில் 80,000 பெண்களை உள்ளடக்கி நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வின் முதல் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. மென்பொருள் துணை நின்றதால் படம் பார்க்கும் மருத்துவர்களின் வேலைச்சுமை 44 சதவீதம் குறைந்தது; கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கையோ குறையவில்லை. மக்கள்தொகைக்கு நம்மைவிட அதிக மருத்துவர்கள் இருக்கும் நாடே இப்படிப் பயன்பெறும்போது, நாம் ஏன் தயங்க வேண்டும்?

குடமுருட்டி:

நான் இந்த மாவட்டங்களில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். படத்தைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை என்று வெண்ணாறு எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. பார்த்துச் சொன்ன பிறகு மேற்கொண்டு செய்ய ஆள் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

கணினி எங்களுக்குப் புதிதல்ல. கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி முறை 2008 முதல் இருக்கிறது. அது நல்ல திட்டம் என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அது வந்தபோது பழைய பதிவேட்டை யாரும் எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. நோட்டிலும் எழுத வேண்டும், கணினியிலும் ஏற்ற வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி நாளில் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டு, மாலையில் சிக்னல் கிடைக்கும் மொட்டை மாடியில் நின்று ஒவ்வொரு பெயராக ஏற்றிய செவிலியர்கள் எங்கள் வட்டாரத்தில் பலர். புதிய கருவி எது வந்தாலும் அதற்குத் தீனி போடும் வேலை கடைசியில் எங்கள் தலையில்தான் விழும். வேலைச்சுமை 44 சதவீதம் குறைந்தது என்றால் யாருடைய வேலை? சுவீடனில் மருத்துவருடைய வேலை குறைந்தது. இங்கே செவிலியருடைய வேலை கூடும்.

இன்னொன்று. தாய்லாந்தில் 11 மருத்துவ மையங்களில், சர்க்கரை நோயால் கண்ணின் விழித்திரை கெடுவதைக் கண்டறியும் கூகுளின் மென்பொருளை வைத்துப் பார்த்து, 2020இல் அதன் அனுபவங்களை வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் மிகச் சிறப்பாக வேலை செய்த மென்பொருள் அது. அதை உருவாக்கியதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பங்கும் உண்டு. ஆனால் தாய்லாந்தில் செவிலியர்கள் எடுத்து அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவு போதாது என்று அது தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லை, இணையம் மெதுவாக வந்தது. படம் தள்ளுபடியானவர்கள் வேறொரு நாள், வேறொரு மருத்துவமனைக்கு அலைய வேண்டியதாயிற்று. நம் ஊரில் நடவு நாளில் கூலியை விட்டுவிட்டு வரும் ஒரு பெண்மணியிடம் ‘படம் சரியில்லை, தஞ்சாவூர் போய்ப் பாருங்கள்’ என்று சொன்னால் அவர் போவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

கோரையாறு:

நான் விவசாயி, மருத்துவம் படித்தவனல்ல. இரண்டு கேள்விகள் மட்டும் கேட்கிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் 14 இலக்கச் சுகாதார எண் எடுத்துக்கொடுத்தார்கள். எதற்கென்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த எண்ணோடு சேரும் என் அப்பாவின் சர்க்கரைக் கணக்கு நாளை ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளைப் பழக்குவதற்குப் போகுமா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது சரி. வரிசையில் நிற்பவரிடம் ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று கேட்டு வாங்குவது ஒப்புதல் ஆகுமா?

இரண்டாவது, மென்பொருள் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி ஆறு மாதம் கழித்து நோய் முற்றிப்போனால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

அரசலாறு:

நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். கோரையாறு ஐயாவின் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்கு ஓரளவு எழுத்துப்பூர்வமான விடை இருக்கிறது. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு நேரடியாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. பதிவு பெற்ற மருத்துவருக்குத் துணையாக மட்டுமே இருக்கலாம். ஆகவே கையெழுத்து என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. ஆனால் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான புறநோயாளிகளைப் பார்க்கும் ஒருவர், மென்பொருள் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்ன படத்தை மறுபடியும் நிதானமாகத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஒப்புதல் பற்றிய முதல் கேள்விக்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. ஓ.டி.பி. சொல்வது ஒப்புதல் ஆகாது என்பதே என் கருத்து.

வெண்ணாறு சொல்லும் எக்ஸ்ரே வேலையை நான் வரவேற்கிறேன். அதைத் தாண்டி ‘காய்ச்சலுக்கு எல்லாம் கணினியே நோய் சொல்லும்’ என்று போனால் அங்கே நிறுத்துவேன். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பொங்கல் வரை எங்களிடம் உண்ணிக் காய்ச்சல் வரும். வயலிலும் புதரிலும் இருக்கும் நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருவது அது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கரும்புண் சிலருக்கு இருக்கும். அது வலிக்காது, அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்பின் அடியிலோ இருப்பதால் நோயாளிக்கே தெரியாது, கருத்த தோலில் எளிதில் கண்ணுக்கும் படாது. திரையை இழுத்துவிட்டு, செவிலியர் ஒருவர் பொறுமையாகத் தேடினால்தான் கிடைக்கும். கிடைத்துவிட்டால் விலை மலிவான டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். தவறவிட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகும் வரை போகும். இதில் கவனிக்க வேண்டியது, நம் புறநோயாளிப் பதிவேட்டில் இவர்களில் பலர் வெறும் ‘காய்ச்சல்’ என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறார்கள் என்பது. அந்தப் பதிவேட்டிலிருந்து கற்கும் மென்பொருளுக்கு, நாம் தேடாத புண் இருந்ததாகவே தெரியாது.

அமெரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று கணிக்க அங்கே பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருள், நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. கறுப்பின மக்கள் அதே அளவு நோயுற்றிருந்தும் அவர்களுக்காகக் குறைவாகச் செலவிடப்பட்டிருந்ததால், அவர்களை நலமானவர்கள் என்று அது கணித்தது 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில் தெரியவந்தது. நாளை நம் காப்பீட்டுத் திட்டக் கணக்கை வைத்து ஒரு மென்பொருளைப் பழக்கினால், நிலமில்லாக் கூலித் தொழிலாளர்கள், மருத்துவமனைப் படியேறாத ஒரே காரணத்தால், ஆரோக்கியமானவர்களாகத் தோன்றுவார்கள்.

வெண்ணாறு:

மருத்துவர் சொன்ன எல்லையை ஏற்றுக்கொள்வதில் எனக்குச் சிக்கலில்லை. காய்ச்சலுக்கு மருந்து எழுதும் இயந்திரத்தை நான் கேட்கவுமில்லை. குடமுருட்டி அம்மாவின் வாதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. செய்ய ஆளில்லை என்பதற்காகக் கண்டுபிடிக்காமலே இருந்தால், ஆள் கேட்பதற்கான கணக்குக்கூட நம்மிடம் இருக்காது. தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். 2022இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், ஒரு நோயாளி இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துச் சொல்லும் முறையை 2025இல் செயலியிலேயே சேர்த்துவிட்டார்கள். யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பது பணியாளருக்கு உடனுக்குடன் தெரிகிறது. மருந்து இருப்பையும் இப்படிக் கணிக்கலாம். எந்த வட்டாரத்துக்கு எந்த மாதம் பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி வேண்டும் என்பதைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கணக்குகளிலிருந்தே கணித்துவிட முடியும்.

குடமுருட்டி:

நடவுக்கும் அறுப்புக்கும் பாம்புக்கடி கூடும் என்று சொல்ல மென்பொருள் வேண்டுமா, வெண்ணாறு? கோட்டூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று, ஏனெனில் என் வாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை. அதில் என்ன பார்க்கிறார்கள்? உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை முறை, இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. இந்த ஐந்தையும் ஒரு பணியாளர், எடைக்கருவியும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் வைத்துக்கொண்டு பார்க்கிறார். மூன்று ஆண்டுகள் அது எந்தக் கணிப்பும் இல்லாமலே உயிர்களைக் காத்தது. கணிப்பு 2025இல்தான் வந்தது. முதலில் ஆளும் படுக்கையும், பிறகு கருவி என்ற வரிசை அங்கே இருந்தது. உங்கள் கருத்தில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு எத்தனை ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை என்பது இங்கே எழுதும் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் வேலை செய்தது காகிதம்.

வெண்ணாறு:

புயலுக்காகக் கணினியே வேண்டாம் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் தடுப்பூசியும் வைக்க முடியாது, அம்மா. ஆக்ஸிமீட்டரும் கருவிதான். அதுவே கருத்த தோலில் சில சமயம் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுகிறது என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அதற்காக அதைத் தூக்கிப்போடவில்லையே. ஆட்களை நியமிக்கும் வரை காத்திருப்போம் என்றால் அந்தக் காலம் வரப்போவதில்லை.

அரசலாறு:

இருவரும் கொள்கை பேசுகிறீர்கள். எனக்கு வேண்டியது ஒரு வட்டாரத்தில், ஒரு சம்பா பருவத்துக்கு, எக்ஸ்ரே வேலைக்கு மட்டும் ஒரு சோதனை. அதில் எத்தனை படங்களை மென்பொருள் சந்தேகப்பட்டது என்ற கணக்கை நான் கேட்கமாட்டேன். சந்தேகப்பட்டவர்களில் எத்தனை பேருக்குச் சளிப் பரிசோதனை முடிந்தது, எத்தனை பேர் மாத்திரை தொடங்கினார்கள், மென்பொருள் விட்டுவிட்ட நோயாளிகள் எத்தனை பேர் என்ற மூன்றையும் ஊர் அறிய வெளியிட வேண்டும்.

குடமுருட்டி அம்மா சொன்ன பயணச் சிக்கலுக்கும் இங்கேயே வழி செய்யலாம். காசநோயாளிக்குச் சத்துணவுக்கென மாதம் 1,000 ரூபாய் 2024 நவம்பர் முதல் உண்டு. அது நோய் உறுதியான பிறகு. சந்தேகத்துக்கும் உறுதிக்கும் இடையில் தொலையும் ஒரு நாள் கூலிக்கு எந்த ஈடும் இல்லை. ஆகவே நோயாளியை அனுப்பாமல், அவருடைய சளி மாதிரியை அன்றே, காசநோயை உறுதிசெய்யும் ட்ரூநாட் கருவி இருக்கும் இடத்துக்கு வண்டியில் அனுப்புவதற்கு ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள். மென்பொருளுக்கான ஒப்பந்தத்தோடு அந்த நியமனமும் சேர்ந்து வந்தால் நான் கையெழுத்திடத் தயார்.

கோரையாறு:

அந்த ஒருவரின் சம்பளம் மென்பொருள் செலவில் சேருமா, பணியாளர் செலவில் சேருமா? பணியாளர் செலவு என்றால் கோப்பு எத்தனை மேசை நகர வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.