கால்கா–சிம்லா பாதையில் 46-ஆம் சுரங்கத்தைத் தவறவிட்டேனா? ரயில் சுரங்கங்களை எண்ணுவது பற்றி ஒரு சந்தேகம்

பயணக்குறிப்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இந்திய ரயில்வேயில் பயணிகள் ரயில் நுழைந்து வெளியேறும் சுரங்கங்கள் அனைத்தையும் ஒரு பட்டியலாகத் தொகுத்து வருகிறேன். சிறுவயதில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி செல்லும் மலை ரயிலில், ஒவ்வொரு குகை வரும்போதும் பெட்டி முழுவதும் பிள்ளைகள் கூச்சலிட, நானும் என் தங்கையும் விரல்விட்டு எண்ணி, 16 என்று சரியாகச் சொன்ன நாளில் தொடங்கிய பழக்கம் இது.

சென்ற மாதம் கால்காவிலிருந்து சிம்லா வரை சென்று திரும்பினேன். ஏறும்போது 99 சுரங்கங்களும், ஜன்னலை விட்டு அகலாமல் இறங்கும்போது 102 சுரங்கங்களும் என் குறிப்பேட்டில் பதிவாகின. ஆனால் சிம்லா நிலையத்துக்கு முன்பாக வரும் கடைசிச் சுரங்கத்தின் எண்ணோ 103. அது போதாதென்று, 45 என்ற எண் பலகையைப் பார்த்த பிறகு அடுத்ததாக என் கண்ணில் பட்டது 47. இரண்டு முறையும் 46-ஐ மட்டும் நான் கவனிக்காமல் விட்டிருக்க முடியுமா? இவற்றோடு, 107 சுரங்கங்கள் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். 102, 103, 107 ஆகிய மூன்றில் எதை நான் பட்டியலில் எழுத வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

தண்டவாளம்:

உங்கள் கண்களில் குறை இல்லை, ஐயா. 46-ஆம் எண் சுரங்கம் இன்று இல்லை. 1903-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதைக்காக 107 சுரங்கங்கள் குடையப்பட்டன. பின்னாளில் அந்த எண்ணிக்கை 103 ஆகக் குறைந்தது. 46-ஆம் சுரங்கமும் போன பிறகு பயன்பாட்டில் மிஞ்சியவை 102. ஆனால் அதற்காக மற்ற சுரங்கங்களுக்குப் புதிதாக எண் இடவில்லை. ஆகவே சம்மர் ஹில்லுக்கும் சிம்லாவுக்கும் இடையிலுள்ள கடைசிச் சுரங்கம் இன்றும் 103 தான். சிம்லாவில் அந்தச் சுற்றுப்புறத்துக்கே அந்த எண்தான் பெயராக வழங்குகிறது. நீங்கள் இறங்கும்போது எண்ணிய 102 மிகச் சரியானது.

பலகையில் இருப்பது அந்தச் சுரங்கத்தின் பெயரே தவிர, மொத்தக் கணக்கு அன்று. வீட்டுக் கதவு எண் 103 என்பதால் தெருவில் 103 வீடுகள் இருக்க வேண்டும் என்பதில்லை அல்லவா? காஷ்மீர் பாதையில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். பனிஹாலுக்கும் காசிகுண்டுக்கும் இடையே பீர் பஞ்சால் மலையைக் குடைந்து செல்லும் 11.2 கி.மீ நீளச் சுரங்கத்தின் எண் டி-80. ஆனால் உதம்பூரிலிருந்து பாராமுல்லா வரையிலான 272 கி.மீ பாதை முழுவதிலும் உள்ள முதன்மைச் சுரங்கங்கள் 36 மட்டுமே. எண்ணைப் பார்த்துக் கணக்கிடுபவர் அங்கே இரு மடங்குக்கும் மேலாக எழுதிவிடுவார்.

பயணக்குறிப்பு:

மிக்க நன்றி. ஒரு மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது தீர்ந்தது. ஆனால் ஏறும்போது மூன்றைத் தவறவிட்டது உண்மை என்று ஆகிறது. எவை என்று கண்டுபிடிக்க வழி உண்டா? மேலும், பலகை கண்ணில் படாத இடங்களில் அது எந்தச் சுரங்கம் என்று எப்படி உறுதி செய்வது? சுரங்கத்துக்குள் கைப்பேசியின் இட வரைபடம் நின்றுவிடுகிறது. பரோக் சுரங்கத்தை மட்டும் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். உள்ளே நுழைந்ததிலிருந்து வெளிச்சம் வரும் வரை 2 நிமிடம் 40 விநாடி ஆனது.

கைகாட்டி:

அந்த ஒரு குறிப்பே பெரிய உதவி. அந்தப் பாதையில் ரயில் ஏறத்தாழ மணிக்கு 25 கி.மீ வேகத்தில் செல்கிறது. அதாவது விநாடிக்கு 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் 160 விநாடிக்கு 1,111 மீட்டர் வருகிறது. 33-ஆம் எண்ணுள்ள பரோக் சுரங்கத்தின் உண்மையான நீளம் 1,143 மீட்டருக்குச் சற்று அதிகம். கையில் கட்டிய கடிகாரத்தைக் கொண்டு இவ்வளவு நெருங்க முடிந்தால், நீளமான சுரங்கங்களை நேரத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். குமார்ஹட்டியைத் தாண்டியதும் அதற்குள் நுழையும் ரயில் வெளிவந்த உடனே பரோக் நிலையத்தில் நிற்பதால், அங்கே குழப்பத்துக்கே இடமில்லை. அதற்கு அருகில் இரு பக்கமிருந்தும் தோண்டத் தொடங்கி, நடுவில் ஒன்றுசேராமல் கைவிடப்பட்ட பழைய சுரங்கம் ஒன்றும் உண்டு. தடம் செல்லாததால் அதை உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

சிறிய சுரங்கங்களுக்கு இந்த முறை பயன்படாது. வளைவுக்குள் ஒன்றை அடுத்து ஒன்றாக இரண்டு சிறு சுரங்கங்கள் வரும்போது, இடையில் வரும் வெளிச்சம் ஓரிரு விநாடிதான். அந்த நேரம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். உங்கள் மூன்றும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். நான் செய்வது இதுதான்: கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, நிலையம் வரும்போதெல்லாம் அதன் பெயரை உரக்கச் சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வந்து கேட்டால், சக்கரச் சத்தம் திடீரென நெருங்கி இறுகும் இடமெல்லாம் சுரங்கம். சாலை மேம்பாலத்துக்கு அடியில் செல்லும்போதும் சத்தம் மாறும்; ஆனால் பத்து மீட்டர் அகலமுள்ள பாலம் ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும்.

மலைச்சரிவு:

நாடு முழுவதற்குமான பட்டியல் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த நிலையங்களுக்கு இடையே என்பதை மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தடத்தில் என்பதையும் எழுதுங்கள். தானேவுக்கும் திவாவுக்கும் இடையே கல்வா, மும்ப்ரா நிலையங்களைத் தொட்டுச் செல்லும் தடம் மலையைச் சுற்றிப் போகிறது. இன்னொரு தடம் 1.3 கி.மீ நீளமுள்ள பார்சிக் சுரங்கத்தின் வழியாகப் போகிறது. ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்குப் பயணம் செய்த இருவரில் ஒருவர் சுரங்கத்தைக் கண்டிருப்பார், மற்றவர் கண்டிருக்க மாட்டார். கர்ஜத்–லோனாவளா இடையிலான போர்காட் மலைப் பாதையில் மூன்று தடங்கள் உள்ளன. போகும்போது எண்ணியதை வரும்போது எண்ணியதோடு ஒப்பிட்டால் உங்களுக்குத் தேவையற்ற கவலை வரும். 1863-இல் அந்தப் பாதை திறக்கப்பட்டபோது இருந்த 25 சுரங்கங்கள் என்ற கணக்கு இன்றும் அப்படியே எடுத்தெழுதப்படுகிறது. அதன் பிறகு அங்கே தடம் எவ்வளவோ மாறிவிட்டது.

காஷ்மீர் பாதையில் இன்னொரு கவனம் தேவை. காரி–சும்பர் இடையிலுள்ள 12.77 கி.மீ நீள டி-50 சுரங்கத்துக்கு இணையாக, அவசர காலத்தில் மக்களை வெளியேற்றுவதற்கென்றே தனிச் சுரங்கம் உள்ளது. அதில் ரயில் ஓடாது. மொத்த நீளத்தைப் பார்த்துக் கூட்டும்போது அது கலந்துவிடக் கூடாது.

நூலகத்து மேசை:

தமிழ்ச் செய்திகளிலிருந்து விவரம் திரட்டினால் சொல்லிலேயே தடுக்கி விழ நேரும். நம் நாளிதழ்களில் 'ரயில்வே சுரங்கப்பாதை' என்றால் பெரும்பாலும் தண்டவாளத்துக்கு அடியில் வாகனங்களோ மக்களோ கடக்கும் வழி. மழை பெய்தால் நீர் தேங்கிவிட்டது என்று செய்தி வருவது அதைப் பற்றித்தான். மலையைக் குடைந்து ரயில் செல்வதற்கு நீலகிரிப் பக்கத்தில் 'குகை' என்றே சொல்வார்கள். இரண்டு சொற்களையும் தேடிப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவைச் சேர்க்கலாமா என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். சென்னை மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம், ஆகவே வேண்டாம். ஆனால் கொல்கத்தா மெட்ரோ 2010 முதல் இந்திய ரயில்வேயின் ஒரு மண்டலம். 'இந்திய ரயில்வேயின் பயணிகள் சுரங்கங்கள்' என்று தலைப்பிட்டுவிட்டு, 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட ஹூக்ளி ஆற்றடிச் சுரங்கத்தை விட்டுவிட முடியாது. தனிப் பிரிவாக வைக்கலாம் என்பது என் கருத்து.

பயணக்குறிப்பு:

எல்லோருக்கும் உளமார்ந்த நன்றி. கொல்கத்தாவுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டேன். பட்டியலில் தடத்துக்கும் பலகை எண்ணுக்கும் தனித்தனிக் கட்டங்கள் போட்டாயிற்று. நேற்றிரவு, ஏறும்போது என் தங்கை எடுத்த காணொளியைக் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டேன். கைகாட்டி சொன்னது போலவே, நான் ஒன்று என்று எழுதிய இரண்டு இடங்களில் சத்தம் இறுகி, ஒரு கணம் விரிந்து, மறுபடியும் இறுகுகிறது. மூன்றாவது, கண்டாகாட் நிலையத்தில் தேநீர் வாங்கிவிட்டு இருக்கைக்குத் திரும்பிய நேரத்தில் போயிருக்கிறது. கணக்கு 102-இல் முடிகிறது. 46-ஆம் வரிசையை நீக்கவில்லை. அதன் எதிரே 'இப்போது இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.