வட கொரியா வெடித்தது எந்தக் குண்டு? கேமரன் காய்கறிக்கு ஏன் பயம்?

செம்பனைக்காடு:
தாப்பா வட்டாரப் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. வட கொரியா ஏழாவது அணுச் சோதனை நடத்தினால் கேமரன் மலைக் காய்கறியும் தண்ணீரும் கெட்டுப்போகுமாம், இப்போதே அயோடின் மாத்திரை வாங்கி வைக்கணுமாம். எனக்கு அதற்கு முந்திய கேள்வியே தீரவில்லை. முதல் ஆறும் அணுகுண்டுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? 2009 மே 25 சோதனைக்குப் பிறகு அனைத்துலகக் கண்காணிப்பு நிலையம் ஒன்றில்கூடக் கதிரியக்க வாயு சிக்கவில்லை. இரண்டாயிரம், மூவாயிரம் டன் சாதாரண வெடிமருந்தை மலைக்குள் அடுக்கிக் கொளுத்திவிட்டு மிரட்டுகிறான் என்றால் மறுக்க முடியுமா?

ரிங்லெட்காரி:
மறுக்கலாம் அண்ணே. ஈப்போ பக்கத்துக் குவாரிகளில் துளைகளை மில்லி நொடி இடைவெளி விட்டு வரிசையாகத்தான் வெடிக்கிறார்கள். மொத்தமும் ஒன்றாகப் போனால் அதிர்வு அக்கம்பக்கத்தை உலுக்கிவிடும். போலிச் சோதனைக்கு வேண்டியதோ அந்த ஒரே கணம். 2,500 டன்னையும் ஒரே கணத்தில் வெடிக்க வைப்பது லேசான வேலை இல்லை. அதைக் கொண்டுபோக 10 டன் லோரிக்கு 250 நடை, அதுவும் துணைக்கோள் பார்த்துக்கொண்டிருக்கும் பள்ளத்தாக்கில்!

நிலநடுக்கமும் இல்லை. பாறை வழுக்கினால் முதல் அலை சில நிலையங்களில் மேலே தள்ளும், சிலவற்றில் கீழே இழுக்கும். வெடிப்பு எல்லாப் பக்கமும் வெளியேதான் தள்ளும். கடைசி மூன்று சோதனைகளும் நம் நேரப்படி காலை 9.30, 8.30, 11.30-க்கு, அரைமணி தொட்ட மறுநொடியில். நிலநடுக்கத்துக்கு இத்தனை ஒழுங்கா?

செம்பனைக்காடு:
அணு என்பதற்கு வாயுதானே சாட்சி? 2013 பிப்ரவரி 12 சோதனைக்கு ஜப்பானின் தக்காசாகி நிலையம் செனான் பிடித்தது 55 நாள் கழித்து. செனான்-133-இன் அரைவாழ்வு, அதாவது பாதியாகத் தேயும் காலம், 5.2 நாள். அதற்குள் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மருத்துவ ஐசோடோப்பு ஆலைகளும் இதே வாயுவைத்தான் விடுகின்றன.

ரிங்லெட்காரி:
அது மட்டும் கிடைத்திருந்தால் நானும் உங்கள் கட்சி. கூடவே செனான்-131எம் இருந்தது, அதன் அரைவாழ்வு சுமார் 12 நாள். ஒன்று வேகமாகத் தேய, மற்றது மெதுவாகத் தேய, இரண்டின் விகிதமே வயதைச் சொல்லிவிடும். 50 நாளுக்கு முந்திய அணுப்பிளவு என்று அது காட்டியது. காற்றைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் வட கொரியாவின் சோதனைக் களமான புங்கியே-ரி பக்கம் பொருந்துகிறது. சில நாளில் ரஷ்யாவின் உசூரிஸ்க் நிலையத்திலும் பதிவு. 2006 சோதனையின் வாயு கனடாவின் யெல்லோநைஃப் வரை போனது. 2009-இல் குகையை நன்றாக அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பழைய லயம்:
சந்தேகப்பட வேண்டிய இடத்தை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். அணுவா என்பது முடிந்த கதை, ஐதரசனா என்பதுதான் முடியாத கதை. கடினப் பாறைக்கு வழக்கமாகப் போடும் சூத்திரம்: அதிர்வு அளவு = 4.45 + 0.75 × கிலோடன்னின் மடக்கை (ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் வெடிமருந்தின் பலம்). 2016 ஜனவரி 6 அன்று ஐதரசன் குண்டு என்று அறிவித்தார்கள். பதிவானது 4.8, அதாவது 3 கிலோடன். ஹிரோஷிமாவே 15!

2017 செப்டம்பர் 3-க்கு வியன்னாவிலுள்ள அணுச்சோதனைத் தடை அமைப்பு 6.1 என்றது, அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 6.3 என்றது. முதலாவதைப் போட்டால் 158 கிலோடன், இரண்டாவதுக்கு 293. பாயிண்ட் 2 மாறியதற்கே கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆழம் வேறு இந்தச் சூத்திரத்தில் இல்லை. ஆழமாகப் புதைத்த குண்டு குறைத்துக் காட்டும். எட்டரை நிமிடத்தில் உள்ளே ஒரு இடிவு, 4.1. பெரிய குண்டு, சரி. பிளவுக் குண்டால் அணு இணைவை மூட்டும் இரு கட்ட ஐதரசன் குண்டா, கொஞ்சம் இணைவு எரிபொருள் சேர்த்து ஊக்கிய பிளவுக் குண்டா என்பதை அதிர்வு சொல்லாது.

செம்பனைக்காடு:
அளவும் தெரியாது, வகையும் தெரியாது, காய்கறி பத்திரம் என்று மட்டும் தெரியுமா? 2011-இல் ஜப்பானின் புக்குஷிமா அணு உலைக் கசிவு ஒரு மாதத்தில் மலேசிய நிலையத்தில் பதிவானது. அந்த நிலையம் கேமரன் மலையில் தானா ராத்தாவில், நம் தலைக்கு மேலே.

ரிங்லெட்காரி:
அங்கே என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மணிக்கு 500 கன மீட்டருக்குக் குறையாமல் காற்றை 24 மணி நேரம் வடிகட்டியில் இழுக்கணும். மண்ணிலிருந்து இயற்கையாக வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் எச்சங்கள் தேய ஒரு நாள் விடணும். பிறகு ஒரு நாள் எண்ணணும். மைக்ரோ பெக்கரல், அதாவது கதிரியக்க அலகில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவைப் பிடிக்கும் கருவி அது. பதிவானது என்பதற்கும் பாதித்தது என்பதற்கும் வெகுதூரம்.

புக்குஷிமா திறந்த வெளிக் கசிவு. நிலத்தடியில் உருகிய பாறையே பெரும்பாலான கழிவைச் சிறைப்பிடித்துவிடும், செனான் மாதிரி வாயுதான் நழுவும். அடைப்பு தோற்காது என்று சொல்லவில்லை: 1970 டிசம்பர் 18-இல் நெவாடாவின் பேன்பெரி சோதனை, வெறும் 10 கிலோடன், ஈரக் களிமண் பகுதியில் நிலத்தைப் பிளந்து வெளியே வந்தது. கொரியாவில் அப்படி நடந்தாலும் முதல் அடி சீனா, ஜப்பான், ரஷ்யா எல்லைக்கு. இங்கே 4,900 கிலோமீட்டர். மாத்திரை தைராய்டைக் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். பணம் வீண்.

பழைய லயம்:
பயப்படுகிறவர்கள் கிள்ளான் பக்கம் பாருங்கள். 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன கப்பலில் யுரேனியம் செறிவூட்டும் சுழலிப் பாகங்கள் பிடிபட்டன. கடைந்தது ஷா ஆலாமில், எண்ணெய் எரிவாயுத் தொழிலுக்கு என்று நம்பி.

செம்பனைக்காடு:
லிபியா வேறு, கொரியா வேறு ஐயா.

பழைய லயம்:
தரகன் ஒருவன்தான் தம்பி. பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் கும்பல் வட கொரியாவுக்கும் சுழலி கொடுத்தது. அதனால்தான் 2010-இல் வியூக வாணிபச் சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள பொருளுக்கு அனுமதி வேண்டும். பட்டியலில் இல்லாவிட்டாலும் ஆயுதத்துக்குப் போகும் என்று சந்தேகம் வந்தால் வேண்டும். பட்டறைக்காரர் பார்க்க வேண்டியது: வரைபடத்தில் பயன்பாடு இல்லை, இறுதி வாங்குபவர் பெயர் இல்லை, பொருள் துபாயில் இறங்கி மறுகப்பல் ஏறுகிறது. மூன்றும் சேர்ந்தால் விலை எவ்வளவு நல்லதானாலும் கடைசலை நிறுத்திவிட்டு மித்தி எனும் முதலீடு, வாணிப, தொழில் அமைச்சைக் கேட்கணும்.

செம்பனைக்காடு:
கேட்கிறவன் கேட்பான். கேட்காதவனைக் காட்டிக்கொடுக்க இருந்த, வட கொரியத் தடைகளைக் கண்காணித்த ஐநா நிபுணர் குழுவும் ரஷ்யாவின் ரத்து அதிகாரத்தால் 2024 ஏப்ரல் 30-உடன் கலைந்துவிட்டது. இனி துறைமுகத்தில் எந்தப் பெட்டியைத் திறப்பது என்று யார் சொல்லிக்கொடுப்பார்கள்?