கிளாகோமா: டிராபெக்குலெக்டமியா, டியூப் பொருத்துவதா?

கேள்வி:
என் தந்தைக்கு 66 வயது. திறந்த கோணக் கிளாகோமாவுக்கு (கண் அழுத்தம் பார்வை நரம்பைச் சிதைக்கும் நோய்) மூன்று வகைச் சொட்டு மருந்துகளைத் தவறாமல் விட்டுவந்தும் வலக்கண்ணின் அழுத்தம் 26-இலேயே நிற்கிறது. பக்கப் பார்வையும் குறுகிக்கொண்டே வருகிறது. அதே கண்ணில் 2019-இல் கண்புரை அறுவை சிகிச்சை நடந்துள்ளது. ஒரு மருத்துவர் டிராபெக்குலெக்டமி செய்யலாம் என்கிறார். மற்றொருவர் டியூப்தான் (கண்ணுக்குள் ஊறும் நீரை வடிக்கும் சிறு குழாய்) பொருத்தம் என்கிறார். இருவரும் ஏன் வேறுபடுகிறார்கள் என்று தெரியாமல் கலங்கியிருக்கிறோம்.

மறுமொழி 1:
டிராபெக்குலெக்டமியில், கண்ணுக்குள் ஊறும் நீர் வடிவதற்கு வெண்விழியில் சிறு திறப்பு அமைக்கிறார்கள். நீர் மேலிமைக்கு அடியில் கொப்புளம்போல் தேங்கி, மெல்ல உறிஞ்சப்படுகிறது. தழும்பு வளர்ந்தால் இவ்வழி அடைபடும். அதைத் தடுக்கவே மைட்டோமைசின் என்ற மருந்தை வைக்கிறார்கள். முன்பே கத்தி பட்ட கண்ணில் தழும்பு எளிதில் உண்டாகும் என்பதே இரண்டாம் மருத்துவரின் கவலையாக இருக்கக்கூடும். இத்தகைய 212 கண்களில் இரு முறைகளையும் ஒப்பிட்டு, ஐந்தாண்டு முடிவுகளை 2012-இல் வெளியிட்ட ஆய்வில், டியூப் பொருத்திய கண்களில் ஏறத்தாழ 30 விழுக்காடும் டிராபெக்குலெக்டமி செய்த கண்களில் 47 விழுக்காடும் தோல்வியடைந்தன. ஆயினும் தந்தைக்குக் கண்புரையை எவ்வாறு அகற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள். கருவிழி ஓரமாக நுழைந்து பேக்கோ முறையில் (புரையை ஒலியலையால் உடைத்து உறிஞ்சும் முறை) செய்திருந்தால், வெண்விழியின் மேல்தோல் சேதமின்றி இருக்கும். அப்போது முதல் மருத்துவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

மறுமொழி 2:
என் அம்மாவுக்கு டிராபெக்குலெக்டமி நடந்தது. அறுவையைவிட அதன்பின் வந்த வாரங்களே கடினமாக இருந்தன: அடிக்கடி பரிசோதனை, லேசரால் தையலைத் தளர்த்துதல், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடுமோ என்ற அச்சம். இன்று சொட்டு மருந்தின்றி அழுத்தம் 12-இல் இருக்கிறது. ஆனால் கண் சிவந்து வலித்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொப்புளத்தில் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஆண்டுகள் கடந்தும் நீங்குவதில்லை.

மறுமொழி 3:
டியூப்பிலும் வகைகள் உண்டு. அகமது வால்வு உடனே வேலை செய்யத் தொடங்கும். மதுரை ஆரோலேப் நிறுவனம் 2013 முதல் குறைந்த விலையில் தயாரித்துவரும் கருவியில் வால்வு இல்லை. ஆகவே குழாயை நூலால் கட்டிவிடுவார்கள், அது கரையும் வரை சில வாரங்கள் சொட்டு மருந்தைத் தொடர வேண்டும். உங்கள் தந்தையின் பார்வை நரம்பு அதுவரை தாங்குமா என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பழைய அறுவைக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பேக்கோ அல்ல, மேல்புறம் வெண்விழியில் வெட்டித் தையலின்றிச் செய்த முறை. அதை எடுத்துக்கொண்டு திங்களன்று இரு மருத்துவர்களையும் சந்திக்கிறோம்.