சட்டப் புத்தகத்துல இல்லாத விதிய வக்கீல் எங்கிருந்து எடுத்தாரு?

தென்கரையான்:

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் என் தம்பிய ஒரு அடிதடி கேஸ்ல உள்ள வச்சுட்டாங்க. பங்காளித் தகராறு, கைகலப்பு ஆகி எதிர்த்தரப்புல ஒருத்தருக்குத் தலையில தையல். எஃப்ஐஆர்ல பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றச் சட்டம்) 296(பி) ஆபாசப் பேச்சு, 118(1) ஆயுதத்தால காயம், 351(3) கொலை மிரட்டல்னு போட்டிருக்காங்க. ராத்திரி வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனாங்க, காலையில ரிமாண்ட், ஒன்பது நாள் கழிச்சுதான் பெயில் கிடைச்சுது, அம்மா அந்த ஒன்பது நாளும் சரியா சாப்பிடவே இல்ல.

பெயில் மனுவுல எங்க வக்கீல் "எல்லாமே ஏழு வருஷத்துக்குள்ள உள்ள செக்‌ஷன், 35 நோட்டீஸ் (கைது பண்ணாம விசாரணைக்கு வரச் சொல்ற நோட்டீஸ்) குடுக்கல, அர்னேஷ் குமார் தீர்ப்பு இருக்கு, எதுக்குக் கைதுன்னு எழுத்துல குடுக்கல"ன்னு அடுக்கிக்கிட்டே போனாரு. கைது, பெயில் நடைமுறையெல்லாம் சொல்ற சட்டமான பிஎன்எஸ்எஸ் புத்தகம் வாங்கிப் பாத்தேன், 47ல கைதுக்கான விவரத்தைத் "தெரிவிக்கணும்"னுதான் இருக்கு, எழுத்துல குடுக்கணும்னு இல்லவே இல்ல. அந்த அர்னேஷ் குமார் யாரோ எவரோ, அவரு வரதட்சணைக் கேஸ்ல வந்த தீர்ப்பு எங்க அடிதடிக் கேஸுக்கு எப்படிப் பொருந்தும்? பொருந்தும்னா அந்த ராத்திரி ஏன் யாருமே அதப் பாக்கல? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கருப்பு கோட்டு:

அண்ணே, நான் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் பண்றேன். உங்க புத்தகம் தப்பில்ல, ஆனா பாதிதான் அதுல இருக்கு. அரசியலமைப்புல 141னு ஒரு பிரிவு, சுப்ரீம் கோர்ட் சொல்ற சட்டம் நாட்டுல எல்லா கோர்ட்டையும் கட்டுப்படுத்தும்னு சொல்லுது. அதனால தீர்ப்பு யாரு பேர்ல வந்துச்சுங்கிறது முக்கியமில்ல, அந்தத் தீர்ப்புல எந்தச் சட்டக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாங்க, அதுதான் அடுத்தவன் கேஸுக்கும் நிக்கும். 2014ல அர்னேஷ் குமார் கேஸ்ல, இது வரதட்சணை வழக்குக்கு மட்டும் இல்ல, ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள எல்லாக் குத்தத்துக்கும்தான்னு தீர்ப்புலயே தெளிவா எழுதிட்டாங்க. கைது ஏன் அவசியம்னு போலீஸ் காரணம் எழுதணும், மாஜிஸ்திரேட் அத நிஜமாவே படிச்சுப் பாத்துத் திருப்தியானாதான் ரிமாண்ட் பண்ணணும். மீறினா துறை நடவடிக்கையும் வரும், ஹைகோர்ட்ல அவமதிப்பும் போடலாம்.

இப்ப அந்த "தெரிவிக்கணும்"ங்கிற வார்த்தைக்கு வருவோம். அரசியலமைப்பு 22(1)லயும் தெரிவிக்கணும்னுதான் இருக்கு, பல வருஷமா வாயால சொன்னோம்னு எழுதி முடிச்சுட்டாங்க. சொன்னாங்களா இல்லையான்னு யாரு நிரூபிக்கிறது? 2023ல பங்கஜ் பன்சல் கேஸ்ல, பணமோசடித் தடுப்புச் சட்டக் கைதுன்னா எழுத்துல குடுக்கணும்னாங்க. 2024ல பிரபீர் புர்காயஸ்தா கேஸ்ல யுஏபிஏவுக்கும் (சட்டவிரோதச் செயல் தடுப்புச் சட்டம்) அதே. அப்புறம் 2025 நவம்பர்ல மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பு, சாதாரண பிஎன்எஸ் கேஸ் உட்பட எல்லாத்துக்கும் எழுத்துல, அதுவும் அந்த ஆளுக்குப் புரியுற மொழியில குடுக்கணும். அந்த நேரத்துல முடியலன்னா வாயால சொல்லிட்டு, மாஜிஸ்திரேட் முன்னாடி கொண்டுபோறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது காகிதம் கையில இருக்கணும். இல்லன்னா கைதே செல்லாது. புத்தகத்துல ஒரு எழுத்துகூட மாறல, அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம்தான் மாறியிருக்கு.

ஏன் அந்த ராத்திரி யாரும் பாக்கலன்னு கேட்டீங்களே, அதுதான் என்னையும் வருஷக்கணக்கா உறுத்துற விஷயம். தீர்ப்பு தானா நடந்து வந்து ஸ்டேஷன்ல உக்காராது, ரிமாண்ட் நடக்குற அந்தப் பத்து நிமிஷத்துல யாராவது எழுந்து நின்னு சொல்லணும். ரிமாண்டப்ப உங்க தம்பி பக்கம் வக்கீல் இருந்தாரா?

பழைய ரைட்டர்:

நான் ஸ்டேஷன்ல ரைட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன் தம்பி. வேலைக்குச் சேந்த புதுசுல கைது மெமோங்கிற காகிதத்தையே நான் பாத்ததில்ல. 1996 டிசம்பர்ல டி.கே. பாசு தீர்ப்பு வந்து 11 கட்டளை போட்டாங்க, கைது பண்ற அதிகாரி பேர் பட்டை போடணும், மெமோ எழுதி நேரம் தேதி போட்டு வீட்டு ஆளோ ஊர் ஆளோ ஒருத்தர்கிட்ட சாட்சிக் கையெழுத்து வாங்கணும், சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்லணும், இப்படி. ஆரம்பத்துல எங்களுக்கெல்லாம் எரிச்சலாத்தான் இருந்துச்சு, இன்னொரு எழுத்து வேலைன்னு. ஆனா நேரம் போட்டு எழுதுன பிறகுதான் ஆள எப்பப் புடிச்சோம்னு ஒளிக்க முடியாமப் போச்சு, 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் ஓடும். அப்புறம் 2008 திருத்தத்துல அந்த மெமோவ, பிஎன்எஸ்எஸுக்கு முன்னாடி இருந்த சிஆர்பிசிக்குள்ளயே 41பின்னு கொண்டுவந்தாங்க, இப்ப பிஎன்எஸ்எஸ்ல அது 36. தீர்ப்பா வந்தது பின்னாடி சட்டமாவே ஆயிடுச்சு, நீங்க வாங்குன புத்தகத்துல இப்ப அது இருக்கும், பாருங்க.

மூணாம் வருஷ லா:

ஒரு சந்தேகம் சார், ரெண்டு ஜட்ஜ் ரெண்டு விதமா சொன்னா கீழ்க்கோர்ட் எதக் கேக்கும்?

கருப்பு கோட்டு:

நல்ல கேள்வி தம்பி. நம்ம மதுரைக் கிளையிலயே நடந்துச்சு. 2020 மார்ச் 23ல கொரோனாவுக்காக சுப்ரீம் கோர்ட் வழக்குத் தாக்கல் பண்ற காலக்கெடுவ நீட்டிச்சாங்க. 60 நாள் அல்லது 90 நாளுக்குள்ள சார்ஜ்ஷீட் போடலன்னா கிடைக்கிற பெயிலுக்கும் அது பொருந்துமா? பொருந்தாதுன்னு ஒரு தனி நீதிபதி சொன்னாரு, கொஞ்ச நாள்லயே இன்னொரு தனி நீதிபதி அது சரியில்லன்னு மறுத்து பெயில் மனுவ தள்ளுபடி பண்ணிட்டாரு. அது காசி கேஸா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. ஜூன் 19ல தீர்ப்பு: அந்த நீட்டிப்பு போலீஸுக்குக் கிடையாது, கொரோனான்னு ஒருத்தனோட சுதந்திரத்த நீட்டிச்சுப் பிடிச்சு வைக்க முடியாது. கூடவே சொன்னாங்க, சக நீதிபதி தீர்ப்புல உடன்பாடு இல்லன்னா பெரிய பெஞ்சுக்கு அனுப்பணும், நீங்களா மாத்தி எழுதக் கூடாதுன்னு. தீர்ப்ப எடுத்துக் காட்டுறதுக்கு முன்னாடி அதே விஷயத்துல பின்னாடி பெரிய பெஞ்ச் எதாவது வந்திருக்கான்னு பாத்துடு, எங்க சீனியர் இதுக்காகவே என்னைப் பலதடவ கடிஞ்சிருக்காரு.

தென்கரையான்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், ரைட்டர் ஐயாவுக்கும். ரிமாண்டப்ப எங்க பக்கம் வக்கீல் இல்ல சார், எங்களுக்கு சேதி தெரிஞ்சு ஓடுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கைது செல்லாதுன்னு ஆனா கேஸே போயிடுமா?

கருப்பு கோட்டு:

போகாது அண்ணே, அத முதல்லயே சொல்லிடுறேன், விசாரணை அதுபாட்டுக்கு நடக்கும். ஆனா நகல் மனு போட்டு ரிமாண்ட் ரிப்போர்ட், கைது மெமோ ரெண்டையும் வாங்கிடுங்க. பிரபீர் தீர்ப்புல ஒரு வித்தியாசம் பிரிச்சிருக்காங்க: "சாட்சியைக் கலைப்பான், தப்பி ஓடுவான்"னு எல்லாருக்கும் எழுதுற பொதுக் காரணம் வேற, இந்த ஆள் இன்ன செஞ்சாருன்னு அவருக்கே உரிய விவரம் வேற, ரெண்டாவதுதான் கையில குடுக்கணும். உங்க தம்பி காகிதத்துல எது இருக்குன்னு பாருங்க.

தென்கரையான்:

நகல் இன்னைக்குக் கிடைச்சுது சார். கேஸ்ல மூணு பேரு, மூணு தாள், மூணுலயும் ஒரே வரிதான் அச்சடிச்சிருக்கு, பேர மட்டும் மாத்தியிருக்காங்க. என் தம்பி தாள்ல ரெண்டாவது பாராவுல அடுத்த ஆளோட பேரே அப்படியே நிக்குது. நாளைக்குக் காலையில இத எடுத்துக்கிட்டு வக்கீல் ஆபீஸுக்குப் போறேன்.