தம்பி சொன்னதும் உளறிவிட்டேன், எப்படிச் சரிசெய்வது?

ஈரோட்டு அக்கா:
மூன்று வாரமாகத் தம்பி என்னிடம் பேசுவதில்லை. 27 வயது, கோவையில் வேலை. போன மாதம் ஊருக்கு வந்திருந்தான். மொட்டை மாடியில் வடாம் புரட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று, தனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்றான். எனக்குக் கை ஓடவில்லை. "அப்போ நீ திருநங்கையா?" என்று கேட்டுவிட்டேன். "இல்லக்கா, நான் ஆம்பளதான்" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "டாக்டரைப் பார்ப்போமா?" என்றேன். தட்டை வைத்துவிட்டுக் கீழே போனவன், அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டான்.

வீட்டில் ஜாதகம் எடுத்தாயிற்று, ஆவணிக்குள் முடிக்க வேண்டும் என்று அம்மா நிற்கிறார். நானே அம்மாவிடம் சொல்லிவிட்டால் அவனுக்குப் பாரம் குறையுமா?

கடலூர்க்காரன்:
சொல்லாதீர்கள். யாரிடம், எப்போது என்பது அவர் முடிவு. எனக்காக என் அண்ணன் அப்படித்தான் 'உதவி' செய்தார், ஒரு வருடம் வீட்டுப்பக்கம் போகவில்லை.

இது நோயே இல்லை, அப்புறம் டாக்டர் எதற்கு? மாற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு மருத்துவர் சிகிச்சை கொடுத்தால் அது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லிவிட்டது. 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லையும் விடுங்கள், அது எங்களைப் படுக்கையோடு முடித்துவிடுகிறது. தன்பாலீர்ப்பு என்றால் போதும்.

பெரியவர்:
ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும். அந்தக் காலத்தில் இதெல்லாம் பேசினோமா?

மதுரை அம்மா:
பேசவில்லை ஐயா, உள்ளேயே வைத்துப் புழுங்கினார்கள். கட்டிவைக்கும் அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

ஈரோட்டுத் தங்கச்சி, உளறியது நீ மட்டுமில்லை. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் பெற்றோருக்குப் பயந்து சென்னைக்குப் போன வழக்கு நினைவிருக்கிறதா? 2021-இல் அதை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் சரியான புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொண்டார், நமக்கென்ன கௌரவம்? என் மகன் சொன்னபோது நான் இரண்டு நாள் சமைக்கவே இல்லை. பிறகு அவனிடமே "எனக்கு ஒன்றும் புரியலடா, நீயே சொல்லு" என்றேன். அதற்குத்தான் காத்திருந்திருக்கிறான் பிள்ளை. நீயும் முதலில் மன்னிப்புக் கேள். நீளமாக எழுதாதே, அழாதே. அழுதால் அவன் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

ஈரோட்டு அக்கா:
நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: "அன்னைக்கு நான் கேட்டது ரெண்டுமே தப்புடா. டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். யார்கிட்டயும் சொல்லல." நீல டிக் வந்தது, பதில் இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு "வடாம் காஞ்சுதா?" என்று கேட்டிருந்தான்.

இன்று போனில் ஜாதக விஷயத்தைக் கேட்டேன். "ஒரு வருஷம் தள்ளிப்போடுக்கா, அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றான். சரி என்றுவிட்டேன். தரகர் வெள்ளிக்கிழமை வருகிறார். அவன் பெயர் கெடாமல் அம்மாவிடம் சொல்ல ஒரு நல்ல சாக்கு இருந்தால் சொல்லுங்கள்.