புதுப்பிப்பு: மாடித்தோட்டக் குழுவில் போலிக் கணக்குகள்

எங்கள் மாடித்தோட்ட டெலிகிராம் குழுவில் போலிக் கணக்குகள் புகுந்து கிரிப்டோ லாபம், வீட்டிலிருந்தே வேலை என்று இணைப்புகளைக் கொட்டுவதாகப் போன மாதம் புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலர் சொன்ன கேப்ட்சாவை, அதாவது சேர வருவது மனிதர்தானா என்று சோதிக்கும் புதிரை, முதலில் போட்டேன். பெரிய பயனில்லை. கூலிக்கு ஆள் வைத்துக் கேப்ட்சா தீர்த்துக் கொடுக்கும் கடைகளே இருக்கின்றனவாமே! அப்புறம் நிர்வாகி ஒப்புதல் இருந்தால்தான் சேர முடியும் என்று மாற்றி, ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: "வெண்டைக்காய் பிஞ்சா முற்றலா, எப்படிப் பார்ப்பீர்கள்?" நுனியை ஒடித்துப் பார்ப்பேன் என்பவர் நம்ம ஆள். ஒரு கணக்கு, "ஆம், மிகவும் ஆர்வமாக உள்ளேன்" என்றது.

ஒரு தவறும் நடந்தது. "கடைக்காரரையே கேட்பேன்" என்று எழுதிய ஓர் அம்மாவைத் தள்ளிவிட்டேன். நிஜமான ஆள். மன்னிப்புக் கேட்டுச் சேர்த்தாயிற்று.

உண்மையில் கைகொடுத்தது வேறு: புதிதாகச் சேர்ந்தவர் முதல் ஐந்து செய்திகள் வரை இணைப்பு போட முடியாது. நாள் கணக்கில் தடை வைத்தால் உதவாது. போலிக் கணக்குகள் இரண்டு வாரம் வாய் திறக்காமல் காத்திருந்துவிட்டுத்தான் ஆரம்பிக்கின்றன. இப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டுதான் தப்பி வருகிறது.